23ஆம் இடத்தில் ரிசீவரா, ரஷரா? பாக்கர்ஸ் அணிக்கு ஒரு மாதிரி டிராஃப்ட்

அமெரிக்கக் கால்பந்தில், கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பதே டிராஃப்ட். ரிசீவர் எறியும் பந்தைப் பிடிப்பவர். ரஷர், எதிரணியில் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்பவர்.

ஒரு வாசகரின் கேள்வி, பிப்ரவரி 10, 2025

"கிரீன் பே பாக்கர்ஸ் 2002க்குப் பிறகு முதல் சுற்றில் ஒரு ரிசீவரைக்கூட எடுக்கவில்லை. பிளேஆஃப் ஆட்டத்தில் பந்தைப் பிடிக்க ஆளில்லாமல் தவித்ததை எல்லோரும் பார்த்தோம். இந்த ஆண்டும் எடுக்காவிட்டால் அதற்கு என்ன நியாயம் சொல்வீர்கள்?"

பிப்ரவரி 10, இரவு

எடுக்க வேண்டாம் என்பதே என் பதில். ரிசீவர் தேவையில்லை என்று சொல்லவில்லை. முதல் சுற்றுத் தேர்வை அதற்குச் செலவிட வேண்டாம் என்கிறேன்.

நேற்று லீகின் இறுதியாட்டமான சூப்பர் பௌல் பார்த்தீர்கள் அல்லவா? ஈகிள்ஸ் 40, சீஃப்ஸ் 22. சீஃப்ஸின் குவார்ட்டர்பேக் பாட்ரிக் மஹோம்ஸ் ஆறு முறை பந்தோடு வீழ்த்தப்பட்டார். இதைத்தான் சாக் என்பார்கள். கூடுதல் ஆளை அனுப்பும் பிளிட்ஸை ஈகிள்ஸ் ஒருமுறைகூடப் பயன்படுத்தவில்லை. முன்வரிசை நால்வரே போதுமானவர்களாக இருந்தார்கள். மற்ற ஏழு பேர் பின்னால் நின்று பந்து போகக்கூடிய வழிகளை எல்லாம் அடைத்துவிட்டார்கள்.

நம் அணி 2024 பருவத்தில் 45 சாக் எடுத்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதில் எட்டு, டைட்டன்ஸுக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் வந்தவை. அணியில் அதிகம் எடுத்த ரஷான் கேரிக்கே 7.5தான். 2023இல் 13ஆம் இடத்தில் எடுத்த லூகாஸ் வான் நெஸுக்கு 3. பிரஸ்டன் ஸ்மித்தைப் பருவத்தின் நடுவிலேயே ஸ்டீலர்ஸுக்கு அனுப்பிவிட்டோம். 11 வெற்றி, 6 தோல்வி என்று பிளேஆஃபுக்குப் போனோம். ஆனால் சொந்தப் பிரிவில் ஆறு ஆட்டங்களில் ஐந்து தோல்வி: லயன்ஸிடம் இரண்டு, வைக்கிங்ஸிடம் இரண்டு, கடைசி வாரம் பேர்ஸிடம் ஒன்று. எதிரணிக் குவார்ட்டர்பேக்கை நிம்மதியாக நிற்கவிட்டால் அந்தப் பிரிவில் பிழைக்க முடியாது.

பிப்ரவரி 12

2002இல் எடுத்தவர் ஜேவன் வாக்கர், 20ஆம் இடம். அதன்பின் முதல் சுற்றில் யாரும் இல்லை என்பது உண்மை. ஆனால் இரண்டாம் சுற்றைப் பாருங்கள். 2006இல் கிரெக் ஜென்னிங்ஸ், 2008இல் ஜோர்டி நெல்சன், 2011இல் ராண்டல் காப், 2014இல் டவான்டே ஆடம்ஸ். நால்வரும் இரண்டாம் சுற்று. இப்போதுள்ள கிறிஸ்டியன் வாட்சனும் ஜெய்டன் ரீடும்கூட அப்படி வந்தவர்கள்தான். ரிசீவரை எங்கே தேடுவது என்று இந்த நிர்வாகத்துக்குத் தெரியும். முதல் சுற்றில் எடுக்காததைக் கஞ்சத்தனம் என்று திட்டுவது நியாயமில்லை.

வரிசையின் விளிம்பிலிருந்து பாயும் எட்ஜ் ரஷர் அப்படிக் கிடைப்பதில்லை. நீளமான கை, 120 கிலோ உடம்பு, அந்த உடம்போடு வளைந்து ஓடும் கணுக்கால் மூன்றும் சேர்ந்தவர்கள் சில பேர்தான் இருப்பார்கள். முதல் நாளே போய்விடுவார்கள்.

பிப்ரவரி 12, சற்று நேரம் கழித்து

ஒருவர் அடிப்படையைக் கேட்டிருக்கிறார். 32 அணிகள், ஏழு சுற்றுகள், மோசமாக ஆடிய அணிக்கு முதல் தேர்வு. தேர்வு வரிசையில் உள்ள இடத்தை அணிகள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம், வீரருக்காக விற்கலாம். முதல் சுற்றில் ஒவ்வொரு தேர்வுக்கும் பத்து நிமிடம். இந்த ஆண்டு நமக்கு 23, 54, 87, 124, 159, 198, 237, 250 என எட்டு இடங்கள். யார் யாரை எடுப்பார்கள் என்று முன்கூட்டியே எழுதிப் பார்ப்பதுதான் மாதிரி டிராஃப்ட்.

நான் எழுதும்போது எனக்குப் பிடித்தவர்களை அடுக்குவதில்லை. பொது மேலாளர் பிரயன் குடெகுன்ஸ்டின் நாற்காலியில் உட்கார்ந்து, அவருடைய பழக்கங்களோடு யோசிக்க முயல்கிறேன்.

மார்ச் 3

டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ரிசீவர் மாத்யூ கோல்டன் 40 கஜத்தை 4.29 வினாடியில் ஓடிவிட்டார். காலையிலிருந்து ஆலையில் இதே பேச்சு. நான் வேலை செய்வது ஆப்பிள்டனில், ஒரு காகித ஆலையில். உணவு இடைவேளையில் மேசையைச் சுற்றி எல்லோரும் பாக்கர்ஸ் ரசிகர்கள். இந்த ஆட்டத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தவர்களே அவர்கள்தான். இன்று ஒருவர்கூட என் பக்கம் இல்லை.

அவர்கள் சொல்வதில் ஒன்று மனதில் தைத்தது. வாட்சனின் முழங்கால் ஜனவரி 5ஆம் தேதி பேர்ஸ் ஆட்டத்தில் கிழிந்துவிட்டது. புதிய பருவத்தின் பெரும்பகுதியில் அவர் இருக்க மாட்டார். அவர் இல்லாத களத்தில் எதிரணியின் கடைசிக் காவலர்களான சேஃப்டிகள் பயமில்லாமல் முன்னே வந்து நிற்கிறார்கள். பந்தோடு ஓடும் ஜோஷ் ஜேக்கப்ஸுக்கு இடமில்லை, ரீடுக்கு நடுவில் இடமில்லை. வேகமான ஒரு ரிசீவர் பந்தைத் தொடாவிட்டாலும் மற்றவர்களுக்கு வழி திறக்கிறார். ஈகிள்ஸிடம் 22-10 என்று தோற்ற அந்த மாலையில் நம் குவார்ட்டர்பேக் ஜோர்டன் லவ் மூன்று முறை பந்தை எதிரணியிடம் எறிந்ததற்கும் இதில் பங்கு உண்டு.

இதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறேன். ஆனாலும் 54ஆம் இடத்தில் வேகம் கிடைக்கும்.

மார்ச் 14

முன்வரிசையில் குவார்ட்டர்பேக்கைக் காக்கும் கார்டு ஆரன் பேங்க்ஸ், எதிரணி ரிசீவரை மறிக்கும் கார்னர்பேக் நேட் ஹாப்ஸ் இருவரையும் பணம் கொடுத்து வாங்கியாயிற்று. எட்ஜில் யாரும் இல்லை.

ஏப்ரல் 6

என் பட்டியல்.

23: டோனோவன் எசிருவாக்கு, எட்ஜ், பாஸ்டன் காலேஜ். சென்ற பருவத்தில் 16.5 சாக். நம் தற்காப்பை நடத்தும் ஜெஃப் ஹாஃப்லி, இங்கே வருவதற்கு முன் 2020 முதல் 2023 வரை பாஸ்டன் காலேஜின் தலைமைப் பயிற்சியாளர். இந்தப் பையனை வளர்த்தவரே அவர்தான். மழையில் எப்படி ஆடுவான், தோற்றுக்கொண்டிருக்கும்போது எப்படி நடந்துகொள்வான், காயத்தோடு பயிற்சிக்கு வருவானா என்பதையெல்லாம் எந்தச் சோதனையும் சொல்லாது. ஹாஃப்லிக்கு அது தெரியும்.

54: ட்ரே ஹாரிஸ், ரிசீவர், ஓல் மிஸ்.

87: டேரியன் போர்ட்டர், கார்னர்பேக், அயோவா ஸ்டேட். நல்ல உயரம், அதற்கு மேல் 4.30 வேகம். ஜேயர் அலெக்சாண்டர் தொடர்ந்து காயம்பட்டுக்கொண்டே இருப்பதால் இந்த இடம் காலியாக இருப்பதாகவே நினைக்க வேண்டும்.

அதற்குப் பிறகு பெயர் எழுதப் போவதில்லை. 124இல் நடு வரிசைத் தற்காப்பாளர், 159இல் முன்வரிசையின் ஓரத்தில் குவார்ட்டர்பேக்கைக் காக்கும் டேக்கிள். டேக்கிளைப் பின் சுற்றுகளில் கண்டுபிடிப்பதில் இந்த அணிக்கு நிகரில்லை. டேவிட் பாக்தியாரி நான்காம் சுற்று, ஸாக் டாம் நான்காம் சுற்று, ரஷீத் வாக்கர் ஏழாம் சுற்று.

ஏப்ரல் 9

"248 பவுண்டு எட்ஜை குடெகுன்ஸ்ட் முதல் சுற்றில் எடுத்ததே இல்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எசிருவாக்குவின் எடை அதுதான். வலுவான வாதம். 2019இல் கேரி, 2023இல் வான் நெஸ். இருவரும் 270 பவுண்டுக்கு மேல், இருவருக்கும் கல்லூரியில் சாக் எண்ணிக்கை சுமார், உடற்சோதனை எண்கள் அபாரம். வான் நெஸ் அயோவாவில் ஓர் ஆட்டத்தைக்கூடத் தொடக்க வீரராக ஆடியதில்லை. அந்த அச்சில் பார்த்தால் இந்த ஆண்டு அவர்களுக்குப் பிடிக்க வேண்டியவர் டெக்சஸ் ஏ அண்ட் எம்மின் ஷெமார் ஸ்டூவர்ட். சென்ற பருவத்தில் 1.5 சாக்தான், ஆனால் ஓட்டமும் தாவலும் மலைக்க வைக்கின்றன.

குடெகுன்ஸ்டின் நாற்காலியில் உட்கார்வதாகச் சொன்னேன். அப்படியானால் ஸ்டூவர்ட் 23 வரை இருந்தால் அவர்கள் அவரைத்தான் எடுப்பார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. உடம்பை எடுத்துவிட்டுத் திறமை வரும் வரை காத்திருப்பதை இரண்டு முறை செய்தாயிற்று. கேரிக்கு அது பலித்தது, வான் நெஸுக்கு இன்னும் பலிக்கவில்லை. கல்லூரியிலேயே குவார்ட்டர்பேக்கைத் தொட்டுப் பழகிய ஒருவன் இந்த முறை வேண்டும்.

எசிருவாக்குவை மாற்ற மாட்டேன். எடை குறைவு, கை நீளம்.

ஏப்ரல் 13

இன்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 1990களின் தொடக்கத்தில் டாலஸ் கௌபாய்ஸில் ஜிம்மி ஜான்சன் பயன்படுத்திய மதிப்புப் பட்டியலில் முதல் இடத்துக்கு 3000 புள்ளி, 23ஆம் இடத்துக்கு 760, 30ஆம் இடத்துக்கு 620. வித்தியாசம் 140, அதாவது ஏறத்தாழ 90ஆம் இடத்தின் மதிப்பு. ஏழு இடம் பின்னால் போனால் மூன்றாம் சுற்றுத் தேர்வு ஒன்று கூடுதலாகக் கிடைக்கலாம். எசிருவாக்கு 30 வரை இருப்பார் என்றே தோன்றுகிறது.

ஆனால் இந்த ஆசை ஆபத்தானது. 2009இல் பொது மேலாளராக இருந்த டெட் தாம்ப்சன் இதற்கு நேர் எதிராகச் செய்தார். 41, 73, 83 என்ற மூன்று இடங்களைப் பேட்ரியட்ஸுக்குக் கொடுத்து, 26ஆம் இடத்தையும் 162ஐயும் வாங்கி, கிளே மாத்யூஸை எடுத்தார். அந்த ஒரு தேர்வு நமக்கு ஒரு சூப்பர் பௌலைக் கொண்டுவந்தது. வேண்டிய ரஷர் கண்முன் இருக்கும்போது மூன்றாம் சுற்றுத் தேர்வுக்காகப் பின்வாங்கக் கூடாது.

ஏப்ரல் 22

2020ஐ நினைத்துக்கொண்டிருக்கிறேன். கொரோனாவால் எல்லோரும் வீட்டுக்குள். ரிசீவர்கள் நிறைந்த ஆண்டு. 30ஆம் இடத்திலிருந்து 26க்கு ஏறுகிறார்கள் என்றதும் தொலைக்காட்சிக்கு முன்னால் எழுந்தே நின்றுவிட்டேன். வந்தது ஜோர்டன் லவ் என்ற பெயர். ஆரன் ராட்ஜர்ஸ் இருக்கும்போது இன்னொரு குவார்ட்டர்பேக்! அந்த டிராஃப்டில் ஒரு ரிசீவரைக்கூட எடுக்கவில்லை. அடுத்த நாள் நண்பர்கள் தொலைபேசியில் கொதித்தார்கள். ராட்ஜர்ஸ் அந்த ஆண்டும் மறு ஆண்டும் லீகின் மிகச் சிறந்த வீரர் விருதை வாங்கினார், லவ் 2023இல் பொறுப்பேற்றார். ஒரு தேர்வை எடைபோட மூன்று ஆண்டு வேண்டியிருக்கிறது.

ஏப்ரல் 24, நள்ளிரவு

பாக்கர்ஸின் மைதானமான லாம்போ களத்துக்கு வெளியே நின்றுவிட்டு இப்போதுதான் வீடு வந்தேன். கிரீன் பே சுமார் 1,07,000 பேர் வாழும் ஊர். இந்த ஊருக்கு டிராஃப்ட் வந்ததையே இன்னும் நம்ப முடியவில்லை. லாம்போவைச் சுற்றியுள்ள வீடுகளில் புல்தரையில் கார் நிறுத்த இடம் கொடுப்பது பழைய வழக்கம். நான் நிறுத்திய வீட்டுக்காரர் எண்பது வயதிருக்கும் முதியவர். அணியின் பங்கு ஒன்று அவரிடம் இருக்கிறது. லாபமும் கிடைக்காது, விற்கவும் முடியாது, ஆனாலும் அணி அவருடையது. "யாரை எடுப்பார்கள்?" என்று கேட்டார். எசிருவாக்கு என்றேன். "பெயரைச் சொல்லிப் பழகிக்கொள்கிறேன்" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தார்.

ஸ்டூவர்ட் 17இலேயே பெங்கால்ஸுக்குப் போய்விட்டார். 22இல் சார்ஜர்ஸ், ஒமாரியன் ஹாம்ப்டனை எடுத்தது. நம் முறை. எசிருவாக்கு இருக்கிறார், இன்னொரு ரஷரான ஜேம்ஸ் பியர்ஸ் இருக்கிறார். மேடைக்கு வந்தவர் அணியின் தலைவர் மார்க் மர்ஃபி, ஜூலையில் ஓய்வுபெறப் போகிறவர். கூட்டம் எழுப்பிய ஓசையில் அவர் பேசவே முடியவில்லை. "மாத்யூ கோல்டன், ரிசீவர், டெக்சஸ்." பக்கத்தில் நின்ற முன்பின் அறியாத பெண் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். 23 ஆண்டு காத்திருப்பு அந்த ஓசையில் இருந்தது. நானும் கத்தினேன், உண்மையான மகிழ்ச்சியோடுதான்.

காரில் திரும்பும்போது வேறொன்று உறுத்தியது. 26ஆம் இடத்துக்கு ஏறி பியர்ஸை எடுக்க ஃபால்கன்ஸ் தன் 2026 முதல் சுற்றுத் தேர்வையே கொடுத்திருக்கிறது. ரஷருக்கு இன்று சந்தையில் அதுதான் விலை.

ஏப்ரல் 25, இரவு

எசிருவாக்கு 44ஆம் இடத்தில் டாலஸுக்குப் போனார். நமக்குப் பத்து இடம் முன்னால்.

54: ஆந்தனி பெல்டன், டேக்கிள், நார்த் கரோலைனா ஸ்டேட். 336 பவுண்டு. அடுத்த இடத்திலேயே, 55இல், சார்ஜர்ஸ் ட்ரே ஹாரிஸை எடுத்தது. 87: சாவியன் வில்லியம்ஸ், டிசியு, மறுபடியும் ரிசீவர். போர்ட்டர் 68இலேயே ரெய்டர்ஸுக்குப் போயிருந்தார்.

இரண்டு ரிசீவர், ஒரு டேக்கிள், தற்காப்புக்கு ஒருவரும் இல்லை. கோல்டனை வரவேற்கிறேன். சென்ற பருவத்தில் 58 பந்து பிடித்து 987 கஜம், ஜார்ஜியாவுக்கு எதிரான மாநாட்டு இறுதியாட்டத்தில் மட்டும் 162 கஜம். பெரிய ஆட்டத்தில் பெரிதாக ஆடுகிறவர். பெல்டனிலும் ஒரு கணக்கு இருக்கிறது: ரஷீத் வாக்கரின் ஒப்பந்தம் அடுத்த ஆண்டு முடிகிறது. ஆனால் லயன்ஸின் குவார்ட்டர்பேக் ஜாரெட் காஃப் பின்னால் நின்று நிதானமாகப் பார்த்து எறிவதை இந்த மூவரில் யார் தடுப்பார்கள்?

ஏப்ரல் 27

பேரின் சோரெல் 124இல், காலின் ஆலிவர் 159இல். இருவரும் எட்ஜ். நல்ல உழைப்பாளிகள், சோரெலின் ஆட்டம் எனக்குப் பிடித்தும் இருக்கிறது. ஆனால் நான்காம், ஐந்தாம் சுற்றில் எடுத்தவர்களிடம் முதல் ஆண்டே பத்து சாக் கேட்பது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். 198இல் நடு வரிசைக்கு வாரன் பிரின்சன். கார்னர்பேக் 237இல்தான் வந்தார், மைக்கா ராபின்சன்.

மூன்று நாளில் ஆறு லட்சம் பேருக்கு மேல் வந்துபோனார்களாம். ஊர் தாங்கியது. பெருமையாக இருக்கிறது.

ஜூன் 10

அலெக்சாண்டரை நேற்று விடுவித்துவிட்டார்கள். 2018இல் குடெகுன்ஸ்ட் எடுத்த முதல் வீரர். ஆரோக்கியமாக இருந்த நாட்களில் அவருக்கு இணையான கார்னர்பேக் லீகில் இரண்டு மூன்று பேர்கூட இல்லை. மனது கனக்கிறது.

ஆகஸ்ட் 29

நேற்று மாலை ஆலையில் யாரோ கத்தினார்கள், விபத்து என்று நினைத்து ஓடினேன். மைக்கா பார்சன்ஸ் கிரீன் பேவுக்கு வருகிறார்!

நாம் கொடுத்தது 2026, 2027 ஆண்டுகளின் முதல் சுற்றுத் தேர்வுகள், கூடவே நடு வரிசைத் தற்காப்பாளர் கெனி கிளார்க். பார்சன்ஸுக்கு நான்கு ஆண்டுக்கு 188 மில்லியன் டாலர். நான்கு பருவத்தில் 52.5 சாக், எந்த ஆண்டும் 12க்குக் குறையவில்லை. வயது 26. டாலஸிலிருந்து வருகிறார். நான் 23ஆம் இடத்தில் எழுதிய எசிருவாக்கு, இப்போது அங்கே அவர் விட்டுப்போன இடத்தை நிரப்பப் போகிறவர்களில் ஒருவர்.

2018 செப்டம்பரில் ரஷர் கலீல் மேக்கை இதேபோல் இரண்டு முதல் சுற்றுத் தேர்வு கொடுத்து பேர்ஸ் வாங்கியது. ஒரு வாரத்தில் லாம்போவுக்கு வந்து, முதல் பாதியிலேயே பந்தைப் பறித்தார், இடைமறித்துக் கோட்டைத் தாண்டினார். ராட்ஜர்ஸ் ஒற்றைக் காலோடு திரும்பி வந்து 24-23 என்று காப்பாற்றினாலும், நம்மிடம் இல்லாதது என்ன என்று அன்று தெரிந்துவிட்டது. ஏழு ஆண்டாக அந்த இடம் காலி. அதற்கு முன் நம்மிடம் ரெஜி வைட் இருந்தார். 1993இல் வெளியிலிருந்து வந்தவர், 1997 ஜனவரியில் நடந்த சூப்பர் பௌலில் மூன்று சாக் எடுத்தார், கோப்பை வந்தது.

ஆகஸ்ட் 30

"இரண்டு முதல் சுற்றுத் தேர்வு அதிகமில்லையா?" என்று பலர் கேட்கிறார்கள். நாம் தேர்வு செய்யும் இடங்களைப் பாருங்கள். 2021இல் 29: எரிக் ஸ்டோக்ஸ், இப்போது அணியில் இல்லை. 2022இல் 22உம் 28உம்: க்வே வாக்கர், டெவான்டே வையட். 2024இல் 25: ஜோர்டன் மார்கன். நல்ல வீரர்கள் உண்டு, பார்சன்ஸ் போல ஒருவர்கூட இல்லை. அந்த இடங்களில் பார்சன்ஸ் கிடைப்பதில்லை. அவரை டாலஸ் எடுத்ததே 12ஆம் இடத்தில்.

எனக்கு வலிப்பது கிளார்க். 2016இல் 27ஆம் இடம், அன்றிலிருந்து நடு வரிசையில் இரண்டு பேரைத் தாங்கி நின்றவர். புகழ் கிடைக்காத வேலை அது. டி.ஜே. ஸ்லாட்டனும் மார்ச்சில் பெங்கால்ஸுக்குப் போய்விட்டதால் இப்போது நடுவில் மெலிந்திருக்கிறோம். விளிம்பில் பார்சன்ஸ் இருந்தாலும் எதிரணி நடுவில் ஓடிக்கொண்டே இருந்தால் அவரால் என்ன செய்ய முடியும்?

செப்டம்பர் 8

லயன்ஸை 27-13 என்று வென்றோம். பார்சன்ஸ் ஆட்டம் முழுவதும் களத்தில் இல்லை, முதுகு வலி இன்னும் இருக்கிறது. ஆனாலும் நேற்றே ஒரு சாக். பிப்ரவரியிலிருந்து நான் கேட்டுக்கொண்டிருந்த காட்சி, காஃப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அவசரப்படுவது. பார்சன்ஸைக் கவனிக்க இரண்டு பேர் போனதால் கேரியும் வையட்டும் ஒற்றை ஆளோடு மோதினார்கள். ஏப்ரலில் 23ஆம் இடத்தை ஒரு ரஷருக்குச் செலவிட்டிருந்தால் இவ்வளவு கிடைத்திருக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்று எடுத்திருந்தால் 2026இன் முதல் சுற்றும் கிளார்க்கும் நம்மிடமே இருந்திருக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

2026க்கான மாதிரியை இன்றே தொடங்குகிறேன். முதல் சுற்று இல்லை. இரண்டாம் சுற்றில் நடு வரிசைத் தற்காப்பாளர், 310 பவுண்டுக்குக் குறையாதவர், ஓட்டத்தை நிறுத்தத் தெரிந்தவர். மூன்றாம் சுற்றில் கார்னர்பேக். பெயர்களைக் கல்லூரிப் பருவம் பாதி முடிந்ததும் எழுதுகிறேன். யாருக்காவது இப்போதே கண்ணில் பட்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள், ஆட்டங்களைப் பார்க்கத் தொடங்குகிறேன்.